பேருந்துகளின் வண்ண விளக்குகளும் படுவான்கரையின் இருட்டும்

ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் அரசாங்கம் 2025 ஜனவரி முதலாம் திகதி ‘க்ளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டத்தை ஆரம்பித்துவைத்தது. அதன் முதல் வாரங்களிலேயே பொலிஸார் கைவைத்த இடங்களில் ஒன்று வாகனங்களின் அலங்காரம். தனியார் பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டப்பட்ட நிறம் மாறும் எல்.ஈ.டி. விளக்குகள், காதைப் பிளக்கும் ஹோர்ன்கள், கண்ணாடியை மறைக்கும் ஸ்டிக்கர்கள், முன்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டங்கள் எல்லாம் கழற்றப்பட வேண்டும் என்றனர். தனியார் பேருந்து உரிமையாளர் சங்கங்களும் முச்சக்கர வண்டிச் சங்கங்களும் எதிர்த்தன. பணிப்பகிஷ்கரிப்பு என்ற பேச்சும் எழுந்தது. அதன்பின் அவகாசம் வழங்கப்பட்டது. ஆண்டின் நடுப்பகுதியில் நடவடிக்கை மீண்டும் தொடங்கியது.

கொழும்பு ஊடகங்களில் இது ஒழுக்கத்துக்கும் ரசனைக்கும் இடையிலான விவாதமாக நடந்து முடிந்தது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இருந்து பார்க்கும்போது கேள்விகள் வேறாக இருக்கின்றன. அந்த விளக்குகள் உண்மையில் என்ன தீங்கு செய்கின்றன? அவற்றைப் பூட்டுகிறவர்கள் ஏன் பூட்டுகிறார்கள்? கழற்றச் சொல்லும் அதிகாரம் எமது வீதிகளில் எப்படிப் பயன்படுத்தப்படும்? இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது.

விளக்கு செய்யும் தீங்கு

முதலில் ஒன்றை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஓடும் வாகனத்தின் வெளிப்புறத்தில் மின்னும் நிற விளக்கு ஆபத்தானது.

வீதியில் விளக்கின் நிறம் என்பது ஒரு மொழி. முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு, திரும்புவதற்குச் செம்மஞ்சள். எதிரே தெரியும் வாகனம் வருகிறதா போகிறதா, நிற்கிறதா திரும்புகிறதா என்பதை இருட்டில் இந்த நிறங்களை வைத்துத்தான் சாரதி ஒரு கணத்தில் முடிவு செய்கிறார். முன்பக்கம் சிவப்பு காட்டக்கூடாது, பின்னோக்கி நகரும் வேளை தவிரப் பின்பக்கம் வெள்ளை காட்டக்கூடாது என்று 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை சொல்வதற்கும் காரணம் இதுதான். பச்சை, நீலம், ஊதா என்று நொடிக்கு நொடி மாறும் பட்டி விளக்குகள் இந்த மொழியைக் குழப்பிவிடுகின்றன. பின்புறம் முழுவதும் சிவப்பாக மினுங்கிக்கொண்டிருக்கும் பேருந்து பிறேக் பிடித்ததா இல்லையா என்பது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது கண் கூசல். இருட்டுக்குப் பழகிய கண் பிரகாசமான ஒளியைச் சந்தித்தால் பார்வை திரும்பச் சில விநாடிகள் வேண்டும். வயது ஏற ஏற அந்த நேரமும் நீளும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். இரண்டு விநாடி கண் தெரியாவிட்டால் 33 மீற்றருக்கு மேல் குருட்டுப் பயணம். அந்தத் தூரத்துக்குள் ஒரு சைக்கிளும் வரலாம், வீதியில் படுத்திருக்கும் ஒரு கட்டாக்காலி மாடும் வரலாம். ஷெல் துண்டால் ஒரு கண்ணை இழந்தவர்களும், மறு கண்ணில் பார்வை மங்கியவர்களும் எமது கிராமங்களில் குறைவில்லை. பரா வெளிச்சத்தின் கீழ் ஓடி ஒளிந்த தலைமுறை இது. இரவில் திடீரென அடிக்கும் ஒளியும் ஹோர்ன் சத்தமும் மற்றவர்களுக்கு எரிச்சல் என்றால், இவர்களில் சிலருக்கு உடம்பே பதறிப்போகும் விடயம்.

மூன்றாவது, வெளியில் தெரியாத ஆபத்து. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நிறம் மாறும் பட்டி விளக்கில் ஒவ்வொரு சிறு சதுரத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிப்புள்ளிகள் இருக்கும். சிறிய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று அவற்றை மாறிமாறி அணைத்து ஏற்றி நிறங்களை உண்டாக்குகிறது. மீற்றருக்கு 60 புள்ளிகள் கொண்ட பட்டி, முழு வெளிச்சத்தில் மீற்றருக்கு ஏறத்தாழ 14 வோட்ஸ் எடுக்கும். ஒரு பேருந்தைச் சுற்றி 20 மீற்றர் ஓட்டினால் 280 வோட்ஸைத் தாண்டிவிடும். அது ஏறக்குறைய நான்கு ஹலோஜன் முன்விளக்குகளின் சுமை. இந்தப் பட்டிகளில் பெரும்பாலானவை 12 வோல்ட்டுக்கு ஆனவை. பெரிய பேருந்துகளில் இருப்பதோ 24 வோல்ட். இடையில் வோல்ட் குறைக்கும் கருவி வேண்டும், தக்க தடிப்புள்ள வயர் வேண்டும், தனியாக ஒரு பியூஸ் வேண்டும். அவசரத்திலும் செலவைக் குறைக்கவும் இருக்கிற விளக்கு வயரிலேயே கொளுவிவிடுகிறவர்களும் உண்டு. கடலும் வாவியும் சூழ்ந்த இந்த மண்ணில் உப்புக் காற்று செப்பு இணைப்புகளை விரைவில் அரித்துவிடும். அரித்த இணைப்பு சூடேறும். சூடேறிய வயர் உள்ளே றெக்சினுக்கும் பஞ்சுக்கும் பக்கத்தில் ஓடுகிறது.

ஆகவே இதனைத் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கை பொலிஸாருடையது மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. இரவுப் பேருந்தில் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பும் ஒவ்வொரு பெற்றோருடையதும்தான்.

ஏன் பூட்டுகிறார்கள்

இதனைச் சாரதிகளின் கூத்து என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் 1970களின் ஜப்பானிய லொறிகளிலிருந்து பாகிஸ்தானின் வண்ண லொறிகள் வரை, நாட்கணக்காக வீதியில் வாழ்கிறவர்கள் தமது வாகனத்தை அலங்கரித்துத்தான் வந்திருக்கிறார்கள். வாகனம் அவர்களுக்கு வேலைத்தளம், படுக்கை, அடையாளம் எல்லாம். இலங்கையில் இதற்கு மேலும் இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, தனியார் பேருந்துத் துறையின் அமைப்பு. நாளாந்த வசூலிலிருந்துதான் டீசலும் சம்பளமும் உரிமையாளரின் பங்கும் பிரிக்கப்படுகின்றன. ஒரே தடத்தில் ஓடும் இரண்டு பேருந்துகள் ஒரே பயணிக்காகப் போட்டியிடுகின்றன. வேகம், சத்தம், வெளிச்சம் மூன்றுமே அந்தப் போட்டியின் ஆயுதங்கள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும், இளம் பயணிகளைக் கவர வேண்டும். மாதச் சம்பளமும் ஒழுங்கான நேர அட்டவணையும் இருந்தால் விளக்கின் தேவை பாதி குறைந்துவிடும்.

மற்றது, வாகன இறக்குமதித் தடை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீளத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் பழைய வாகனங்களையே வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டியிருந்தது. புது வாகனம் வாங்க முடியாதவர் பழையதைப் புதிதாகக் காட்ட முயன்றார். அதற்கு மலிவான வழி பெயின்ற்றும் எல்.ஈ.டி. பட்டியும்தான். இந்தத் தொழிலில் இறங்கிய வாகன மின்னியலாளர்களில் பலர் போருக்குப் பின் வளர்ந்த இளைஞர்கள். கடன் பட்டுச் சிறு கடை போட்டவர்கள். ஒரே அறிவித்தலில் அவர்களின் வருமானத்தை நிறுத்துவதற்கு முன்னர் மாற்று வழியொன்றைப் பற்றி அரசாங்கம் சிந்தித்ததற்கான அடையாளம் இல்லை.

கேரளா தரும் பாடம்

விளக்குகளைக் கழற்றினால் விபத்துகள் குறைந்துவிடுமா என்பதற்கு அயலில் ஓர் அனுபவம் இருக்கிறது. கேரளாவின் சுற்றுலாப் பேருந்துகள் வண்ண விளக்குகளுக்கும் அதிரும் இசைக்கும் பெயர்போனவை. 2022 ஒக்டோபர் 5ஆம் திகதி இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் பாடசாலை மாணவர்களை ஏற்றிச் சென்ற அத்தகைய பேருந்தொன்று அரச பேருந்தின் பின்னால் மோதியதில் மாணவர்கள் உட்பட 9 பேர் உயிரிழந்தனர். கேரள உயர் நீதிமன்றம் தானாகவே தலையிட்டது. மின்னும் விளக்குகளுக்கும் சட்டவிரோத ஹோர்ன்களுக்கும் எதிராகக் கடும் உத்தரவுகள் வந்தன. சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் வெள்ளை நிறம் பூச வேண்டும் என்று மாநில அரசு பணித்தது.

அந்த விபத்தில் உயிர்களைக் குடித்தது அளவுக்கு மிஞ்சிய வேகம். விளக்குகள் வெளியில் தெரிந்த அறிகுறி. விதிகளை மதிக்காத நிர்வாகம் ஒன்று வேகக் கட்டுப்பாட்டையும் மதிக்காது, ஓய்வு நேரத்தையும் மதிக்காது, விளக்கு விதியையும் மதிக்காது. அறிகுறியை மட்டும் துடைத்துவிட்டு நோய் குணமாகிவிட்டது என்று கணக்குக் காட்ட முடியாது.

எமக்கு அருகில் நடந்ததையும் நினைவுபடுத்த வேண்டும். 2023 ஜூலை 9ஆம் திகதி இரவு, கதுருவெலவிலிருந்து காத்தான்குடி நோக்கி வந்த தனியார் பேருந்து மன்னம்பிட்டியில் கொட்டலிய பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்தது. குறைந்தது 10 பேர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது இலங்கை போக்குவரத்துச் சபையின் பேருந்து. அரச பேருந்தில் வண்ண விளக்குப் போட்டியும் இல்லை, வசூல் போட்டியும் அந்த அளவுக்கு இல்லை. ஆசனத்துக்கு மேல் ஆட்களை ஏற்றுவது, சாரதியின் களைப்பு, பாதுகாப்பு வேலி இல்லாத வளைவுகள், பழைய டயர்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசாத எந்த வீதிப் பாதுகாப்புத் திட்டமும் அரைகுறைதான்.

வெளிச்சம் கூடிய இடமும் இல்லாத இடமும்

மட்டக்களப்பில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகம் உண்டு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாகப் பிரிக்கிறது. கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி ஊடாகச் செல்லும் எழுவான்கரை வீதியில் கடைகளும் தெருவிளக்குகளும் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே வண்ண விளக்குப் பேருந்து ஒரு கூடுதல் தொந்தரவு. வாவியைத் தாண்டினால் நிலைமை தலைகீழ்.

போர்க்காலத்தில் படுவான்கரைக்கு இருட்டு என்பது ஓர் ஒழுங்குமுறையாகவே இருந்தது. பொழுது சாய்ந்தால் துறைகள் அடங்கிவிடும். சோதனைச் சாவடியை நெருங்கும் வாகனம் முன்விளக்கை அணைத்து உள்விளக்கைப் போட வேண்டும். வாகனத்தின் விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதைத் துப்பாக்கி ஏந்தியவர் முடிவு செய்த காலம் அது. கல்லடியில் 1924ஆம் ஆண்டின் பழைய பாலத்துக்கு அருகில் 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின்னர்தான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் பாதையை நம்பியிருக்காமல் வாவியைக் கடந்தார்கள்.

பாலமும் தார் வீதியும் வந்ததோடு வேகமும் வந்தது. வெளிச்சம் அதே வேகத்தில் வரவில்லை. வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, வவுணதீவு பக்கங்களில் வயல்களுக்கு நடுவே செல்லும் வீதிகளில் இரவில் எதிர்ப்படுவது என்ன? பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகள், விளக்கே இல்லாத லாண்ட்மாஸ்டர்கள், ஒளிதெறிப்பான் இல்லாத சைக்கிள்கள், சூட்டைத் தேடித் தார் வீதியில் படுத்துக்கொள்ளும் மாடுகள், சில பருவங்களில் யானைகள். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளோடு இருட்டில் நகரும் ஓர் உழவு இயந்திரப் பெட்டியின் பின்னால் மோட்டார் சைக்கிளில் மோதி உயிரிழப்பது இங்கே எவருக்கும் புதிய செய்தி அல்ல.

இந்த மரணங்களுக்குக் காரணம் விளக்கு அதிகமானது அல்ல, இல்லாதது. பேருந்திலிருந்து விளக்கைக் கழற்றுவதற்குக் காட்டும் உற்சாகத்தில் ஒரு பகுதியை உழவு இயந்திரத்துக்கு விளக்கோ சிவப்பு ஒளிதெறிப்பு ஸ்டிக்கரோ ஒட்டுவதில் காட்டினால் உயிர்கள் மிஞ்சும். ஒரு ஸ்டிக்கரின் விலை வண்ணப் பட்டியின் விலையில் சிறு பங்குதான்.

கழற்றச் சொல்லும் கை

மூன்றாவது கேள்விதான் தமிழ் மக்களுக்கு மிகவும் பழக்கமானது. ‘தேவையற்ற அலங்காரம்’ எது என்பதை யார் தீர்மானிப்பது?

க்ளீன் ஸ்ரீலங்காவுக்கென அமைக்கப்பட்ட 18 பேர் கொண்ட ஜனாதிபதி செயலணியில் முப்படைத் தளபதிகளும் பதில் பொலிஸ்மா அதிபரும் இடம்பெற்றனர். தமிழ், முஸ்லிம் பிரதிநிதித்துவம் இல்லை என்ற விமர்சனம் ஆரம்பத்திலேயே எழுந்தது. வீதி ஒழுங்கு போன்ற சிவில் விடயம் ஒன்று இப்படிப்பட்ட கட்டமைப்பின் கீழ் வரும்போது வடக்கு கிழக்கு மக்கள் அதனைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு.

அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமும் உண்டு. 2023 செப்டெம்பரில் பொத்துவிலிலிருந்து புறப்பட்டு மட்டக்களப்பு ஊடாகச் சென்ற திலீபன் நினைவு ஊர்தி, 17ஆம் திகதி திருகோணமலை மாவட்டத்தின் கப்பல்துறைப் பகுதியில் தாக்கப்பட்டது. அதில் சென்ற பாராளுமன்ற உறுப்பினர் செல்வராசா கஜேந்திரனும் தாக்குதலுக்கு உள்ளானார். பொலிஸார் அங்கே நின்றது காணொளிகளில் தெரிந்தது. 2021 மே 18 அன்று கிரான் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் நினைவாக விளக்கேற்றிய 10 பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டு மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார்கள். மறுபுறம் அதே மே மாதத்தில் வரும் வெசாக்குக்கு, இராணுவத்தின் முன்னெடுப்பிலேயே தமிழ்ப் பகுதிகளிலும் வண்ண விளக்குகளும் பந்தல்களும் எழுகின்றன. 2019இல் வெசாக் பௌர்ணமி மே 18ஆம் திகதியிலேயே வந்தது.

வெசாக் விளக்கு எரியக்கூடாது என்பது இங்கு வாதம் அல்ல. எந்த ஒளி கொண்டாட்டம், எந்த ஒளி குற்றம் என்பதை எழுதாத விதிகளின்படி தீர்மானிக்கும் வழக்கம் இருக்கும் நாட்டில், வாகன அலங்காரம் பற்றிய விதியும் தெளிவாக எழுதப்படாவிட்டால் அதுவும் அதே வழியில் போய்விடும் என்பதுதான். இன்று கோயில் திருவிழாவுக்குச் செல்லும் ஊர்தியின் விளக்கு, நாளை நினைவு ஊர்தியின் மஞ்சள் சிவப்புத் துணி, மறுநாள் ஓட்டோவின் கண்ணாடியில் இருக்கும் பெயர் என்று ‘அலங்காரம்’ என்ற சொல் நீண்டுகொண்டே போகலாம். அத்தோடு, கையில் தரப்படும் தண்டப்பத்திரத்தையும் பொலிஸ் நிலையத்தில் எழுதப்படும் வாக்குமூலத்தையும் தமிழில் பெறுவதற்கே இன்னும் போராட வேண்டியிருக்கிறது. தெளிவற்ற விதியும் புரியாத மொழியும் சேரும் இடத்தில்தான் இலஞ்சம் முளைக்கிறது.

விதியை எழுத வேண்டியவர்கள் எங்கே என்பதும் கேட்கப்பட வேண்டும். மாகாணங்களுக்கு இடையிலான பேருந்துகளை 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஒழுங்குபடுத்துகிறது. மாகாணத்துக்குள் ஓடும் பேருந்துகள் மாகாண சபையின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்தும் நிர்வாகத்தில், மட்டக்களப்பு வீதிக்கு ஏற்ற விதியை மக்கள் பிரதிநிதிகள் விவாதித்து எழுதும் வாய்ப்பு இல்லாமல் போயிருக்கிறது. அந்த வெற்றிடத்தைத்தான் வீதியோரத்தில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தரின் தனிப்பட்ட தீர்ப்பு நிரப்புகிறது.

செய்யக்கூடியவை

எதிர்ப்பதா ஆதரிப்பதா என்ற இரண்டு பக்கங்களுக்கு அப்பால் சில நடைமுறை வழிகள் இருக்கின்றன.

முதலாவது, எந்த நிற விளக்கு வாகனத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கலாம், எது கூடாது என்பதைப் படங்களோடு மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். பேருந்து நிலையங்களிலும் வாகன மின்னியல் கடைகளிலும் அது ஒட்டப்பட வேண்டும்.

இரண்டாவது, பரிசோதனை நடக்க வேண்டிய இடம் வீதியோரம் அல்ல. பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் தேவை. அதே பரிசோதனையில் மேலதிக மின் இணைப்புகளையும் பியூஸையும் வயரையும் பார்க்கலாம். கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு, முன்னால் எரியும் சிவப்பு விளக்கு போன்ற உடனடி ஆபத்துகளுக்கு மட்டும் வீதியில் நிறுத்தலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் அறிவித்தலும் நாள் அவகாசமும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஓடும் வாகனத்தையும் நிற்கும் வாகனத்தையும் விதி பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லடிக் கடற்கரையில் மாலையில் நிறுத்தப்படும் சிற்றுண்டி வண்டிக்கோ, பாசிக்குடாவில் தரித்துநிற்கும், உறங்கும் வசதி செய்யப்பட்ட சுற்றுலா வானுக்கோ வெளியில் வண்ண விளக்கு இருப்பதால் வீதியில் எவருக்கும் தீங்கு இல்லை. கைப்பிறேக் போட்டிருக்கும்போது மட்டும் வெளி விளக்கு எரியும்படி ஒரு றிலேயைப் பொருத்தலாம். எந்த வாகன மின்னியலாளருக்கும் அது தெரிந்த வேலை. அந்த ஒரு விதியே தொழிலையும் காப்பாற்றும், உயிரையும் காப்பாற்றும்.

நான்காவது, விளக்குப் பூட்டும் இளைஞர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல், குறுகிய பயிற்சியும் பதிவும் கொடுத்து, தகுதியான இணைப்பு வேலையையும் ஒளிதெறிப்பான் பொருத்தும் வேலையையும் அவர்களிடமே ஒப்படைக்கலாம்.

ஐந்தாவது, 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடங்களுக்கு மேல் பிரதிநிதிகள் இல்லாதிருந்த பிரதேச சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. தெருவிளக்கு பிரதேச சபையின் நேரடிப் பொறுப்பு. போரதீவுப்பற்று, மண்முனை தென்மேற்கு, மண்முனை மேற்கு சபைகள் தமது எல்லைக்குள் விபத்து நடக்கும் வளைவுகளையும் சந்திகளையும் அடையாளம் கண்டு முதலில் அங்கே விளக்குப் போட வேண்டும். கட்டாக்காலி மாடுகளைக் கட்டுப்படுத்துவதும் அவர்களின் வேலைதான். கமநல சேவை நிலையங்கள் உர மானியப் பதிவுக்கு விவசாயிகளை அழைக்கும்போதே உழவு இயந்திரப் பெட்டிக்கான ஒளிதெறிப்பு ஸ்டிக்கரையும் கையில் கொடுக்கலாம்.

இவற்றில் எதற்கும் புதிய செயலணி தேவையில்லை. இராணுவமும் தேவையில்லை. இருக்கிற திணைக்களங்களும் சபைகளும் தமது வேலையைத் தமிழில், எழுத்தில், காலக்கெடுவோடு செய்தால் போதும்.

பேருந்துக்காரர்கள் விளக்கைக் கழற்றத்தான் வேண்டும். அதே வேளை அவர்களிடம் விளக்கைக் கழற்றச் சொல்லும் அரசு, விளக்கே இல்லாத வீதிகளுக்கும் விளக்கில்லாமல் ஓடும் உழவு இயந்திரங்களுக்கும் என்ன செய்தது என்ற கணக்கையும் காட்ட வேண்டும். வரும் அறுவடைக்கு முன்னர் படுவான்கரையின் எத்தனை உழவு இயந்திரப் பெட்டிகளில் ஒளிதெறிப்பான் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதைப் புதிதாகத் தெரிவான உறுப்பினர்களிடம் மக்கள் கேட்கத் தொடங்கினால், இந்த விவாதம் ஏதோ ஓர் உயிரைக் காப்பாற்றிய விவாதமாக மாறும்.